அங்குசம் இருக்கிறது, யானை இல்லை

எனக்கு நீச்சல் தெரியாது. படகு கிடையாது. மில்வாக்கியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் மழை பெய்ய வேண்டும். இருந்தும் எங்கள் காரேஜில் காரை நிறுத்த இடமில்லை. 1930களிலும் 1950களிலும் அமெரிக்க ஏரிகளில் சீறிப் பாய்ந்த பந்தய அவுட்போர்டு எஞ்சின்களின் பாகங்கள் அங்கே கால் நீட்டிப் படுத்திருக்கின்றன. முழு எஞ்சின் ஒன்றுகூடக் கிடையாது. வெறும் பாகங்கள். விஸ்கான்சின் குளிர்காலம் பூராவும் கார் வெளியே நிற்கிறது. காலையில் அதன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆபீசுக்குப் போகிறவள் என் மனைவி. ஆகவே அந்தப் பாகங்களில் எது என்ன, எதற்கு என்று சொல்லத் தெரிந்திருப்பது என் உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

அவுட்போர்டு என்பது படகின் பின்பலகையில் திருகிப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மோட்டார். நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகுகளில் பார்த்திருப்பீர்கள். மீன் பிடிக்கப் போகிறவர் பூட்டினால் அது மோட்டார். மூடியைக் கழற்றி எறிந்து, புகைபோக்கியைத் திறந்துவிட்டு, கீழ்ப்பகுதியை மாற்றி, படகுக்குள் மண்டியிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் பந்தய எஞ்சின்.

பழைய மோட்டார்ப் பிரியர்கள் கூடி வாங்கி விற்கும் சந்தைகள் இங்கே கோடையில் நடக்கும். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஒருவர் மரப்பெட்டி ஒன்றைக் காலால் நகர்த்தி, "எல்லாம் ரேசிங்" என்றார். அந்தச் சந்தைகளில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. இன்னதென்று தெரிந்த பாகத்துக்கு ஒரு விலை. இன்னதென்று தெரியாத பாகத்துக்கு 'ரேசிங்' என்று பெயர், விலை இரட்டிப்பு. நான் ஒரு பாகத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்தேன். தேங்காய் வாங்கிப் பழகிய விரல். சத்தம் திருப்தியாக இருந்தது.

வீட்டில் பெட்டியை இறக்கினேன்.

"என்னங்க இது?"

"ரேசிங்."

"எது ரேசிங்?"

"எல்லாம்."

"ஓடுமா?"

இப்படி ஒரு கோணத்திலிருந்து தாக்குதல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். நாம் இருப்பது எப்பேர்ப்பட்ட மாநிலம் தெரியுமா என்று ஆரம்பித்து ஓலே எவின்ரூட் கதையைச் சொன்னேன். நார்வேயில் பிறந்து சிறுவயதிலேயே விஸ்கான்சினுக்கு வந்தவர். ஒகாச்சி ஏரியில் ஒரு கோடை நாள், காதலி பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் அவருடைய மோட்டார் என்பார்கள். 1909இல் மில்வாக்கியில் விற்பனைக்கு வந்தது. ஒன்றரைக் குதிரைத்திறன், 62 பவுண்டு எடை. கல்யாணத்துக்குப் பிறகு கணக்கையும் விளம்பரத்தையும் பெஸ் பார்த்துக்கொண்டார்.

"அவர் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தார். நீங்க?" என்றாள் மனைவி.

உடனே அடுத்த ஆளுக்குத் தாவினேன். கார்ல் கீக்ஹேஃபர், 1939 ஜனவரியில், இதே மில்வாக்கிக்கு வடக்கே சீடர்பர்க்கில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். அவருக்கு மோட்டாரில் ஆசையே கிடையாது. பால்பண்ணைகளுக்கான காந்தப் பிரிப்பான் செய்யத்தான் இடம் தேடினார். உள்ளே போய்ப் பார்த்தால், மான்ட்கோமரி வார்டு கம்பெனி ஓடவில்லை என்று தள்ளிவிட்ட சுமார் 300 அவுட்போர்டு மோட்டார்கள் குவிந்து கிடந்தன. பிரித்து, கோளாறு கண்டுபிடித்து, திருத்தி அனுப்பினார். அவர்களுக்குப் பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். அங்கே ஆரம்பித்ததுதான் மெர்குரி என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன கம்பெனி. "அன்றைக்கு அதையும் குப்பை என்றுதானே சொல்லியிருப்பார்கள்?" என்று நிறுத்தினேன்.

"அவர் முந்நூறையும் ஓட வெச்சாரு. நீங்க ஒண்ணே ஒண்ணு."

சரித்திரம் கைவிட்டதால் இயந்திரவியல் பக்கம் திரும்பினேன். வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கினேன். அதன் விலை இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் பந்தய எஞ்சின்களை வகுப்பு பிரித்து வைத்திருந்தார்கள், ஆங்கில எழுத்து வரிசையில். சிலிண்டர் கொள்ளளவுதான் கணக்கு. ஏ வகுப்புக்கு 15 கன அங்குலம் வரை, பி-க்கு 20, சி-க்கு 30, டி-க்கு 40, எஃப்-க்கு 60. பி வகுப்பு என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 328 சி.சி., ஊர் புல்லட்டைவிடச் சற்றுச் சின்னது. ஜான்சன் கம்பெனியின் பழைய பந்தய எஞ்சின்களில் கே.ஆர். ஏ-வுக்கு, எஸ்.ஆர். பி-க்கு, பி.ஆர். சி-க்கு. எவின்ரூட் 4-60 என்றால் நாலு சிலிண்டர், 60 கன அங்குலம், எஃப். அதில் பெயரே ஜாதகம். மற்றதற்கெல்லாம் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளந்தேன். பெட்டியிலிருந்த பிஸ்டன்கள் 2 7/16 அங்குல சிலிண்டருக்கானவை. கையேட்டைப் புரட்டினால், மெர்குரி! ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 2 1/8 அங்குலம். இரண்டு சிலிண்டருக்குப் பெருக்கினால் 19.8 கன அங்குலம், பி வகுப்பு. 1950இல் வந்த கே.ஜி.7, அதற்குப் பின் வந்த மார்க் 20 ஹெச், இரண்டுமே இந்த அளவுதான். கே.ஜி.7ஐப் பத்துக் குதிரைத்திறன் என்று சொல்லி விற்றார் கீக்ஹேஃபர். அதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பது ஓட்டியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ரகசியம். கூடத்துக்கு ஓடிப் போய் விஷயத்தை அறிவித்தேன். கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து கையேட்டின் மறுபக்கத்தைப் படித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அதே 2 7/16 அளவை வைத்தே நாலு சிலிண்டர் எஞ்சினும் செய்திருக்கிறார்கள், 39.6 கன அங்குலம், டி வகுப்பு. அதே அளவில் சாதா மீன்பிடி மோட்டாரும் உண்டு. ஆக என் பிஸ்டன் மண்டியிட்டுப் பாய்ந்த வீரனுடையதாகவும் இருக்கலாம், தூண்டில் போட்டுத் தூங்கிய தாத்தாவுடையதாகவும் இருக்கலாம். இந்தத் தகவலை நான் கூடத்தில் அறிவிக்கவில்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர் இந்தக் கட்டத்தில்தான் வந்து சேர்ந்தார். எண்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் இந்தப் பந்தயங்களில் ஓட்டியவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முழங்கால் வலிக்குக் காரணம் வயது என்று நினைத்திருந்தேன், மண்டியிட்டு ஓட்டியது என்றார். அவருக்கு என் காலிப்பரில் மரியாதை இல்லை. பாகத்தைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் தடவி, கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, இது இன்னது என்பார்.

முதலில் எடுத்தது லோயர் யூனிட்டை. தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி. சாதா மோட்டாரில் இதன் மூக்கு புடைத்திருக்கும், முன்னோக்கு, நியூட்ரல், பின்னோக்கு என்று கியர் மாற்றும் சாமான்களெல்லாம் உள்ளே இருக்கும். பந்தயத்துக்கானது மெலிந்த தோட்டா வடிவம். உள்ளே மேலிருந்து வரும் தண்டின் பல்சக்கரம் ஒன்று, புரொப்பெல்லர் தண்டின் பல்சக்கரம் ஒன்று, அவ்வளவுதான். இரண்டின் பற்களையும் எண்ணச் சொன்னார். சாதா மோட்டாரில் எஞ்சின் இரண்டு சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றினால்தான் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும், கனமான படகை நிதானமாகத் தள்ள அதுதான் சரி. பற்கள் இரண்டிலும் சமமாகவோ சமத்துக்குக் கிட்டத்திலோ இருந்தால், அது கனத்துக்காகச் செய்ததில்லை, வேகத்துக்காகச் செய்தது. மெர்குரி தன் பந்தயக் கீழ்ப்பகுதிக்கு குவிக்சில்வர் என்று பெயர் வைத்திருந்தது. என் பெட்டியில் இருந்தது அதுவேதான் என்று பெரியவர் சொன்னபோது பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி செரித்துவிட்டது.

இந்த எஞ்சின்களில் நியூட்ரல் கிடையாது என்பதுதான் என்னை உலுக்கிய செய்தி. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் கயிற்றைச் சுற்றி இழுப்பாராம். எஞ்சின் பிடித்த கணமே புரொப்பெல்லர் சுழலும், படகு பாயும். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை அமுக்குப் பிடியில். அமுக்கினால் வேகம், கையை விட்டால் அடங்கும். 1958இல் சியாட்டில் வாஷிங்டன் ஏரியில் ஹியூபர்ட் என்ட்ராப் என்பவர், மெர்குரி எஞ்சின் பூட்டிய படகில் மணிக்கு 107 மைலைத் தாண்டினார், கிலோமீட்டரில் 170க்கு மேல். மனைவிக்கும் மாமியாருக்கும் நடுவே பல வருஷமாக நியூட்ரலிலேயே குடும்பம் நடத்துகிற எனக்கு இதெல்லாம் நினைத்தாலே கை நடுங்குகிறது.

பிஸ்டனுக்கு வருவோம். அதன் தலை தட்டையாக இல்லை. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் ஒரு திமில். வார்ப்பில் ஏதோ கோணல் என்று நினைத்து அரம் தேடிக்கொண்டிருந்தேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புதுக் கலவை ஒரு பக்கத் துவாரம் வழியாக உள்ளே வரும்போதே எரிந்த புகை எதிர்ப்பக்கத் துவாரம் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். வந்த விருந்தாளி அப்படியே கொல்லைப்புறமாக வெளியேறிவிடக்கூடாது என்று, அதை மேல்நோக்கித் திருப்பிவிடத்தான் அந்தத் திமில். செங்குத்துப் பக்கம் கலவை வரும் துவாரத்தைப் பார்க்க வேண்டும், சரிவு புகை போகும் துவாரத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் எஞ்சின் எஞ்சினாக இருக்காது. ரிங் உட்காரும் பள்ளத்தில் குண்டூசித் தலையளவு ஒரு முளையும் இருக்கிறது. ரிங் சுழன்று அதன் வாய் துவாரத்தில் மாட்டி முறியாமல் இருக்க, ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது அது. ஜெர்மன்காரர் ஷ்னூர்லே துவாரங்களின் கோணத்தை மாற்றியே கலவையை வளைத்துவிட வழி கண்டார். பிறகு வந்த கோனிக் போன்ற ஜெர்மன் பந்தய எஞ்சின்களில் திமிலே இல்லை. ஆகத் திமிலைப் பார்த்தே வம்சம் சொல்லிவிடலாம்.

ஒரு பிஸ்டனைப் பெரியவர் வெளிச்சத்தில் திருப்பினார். புகைத் துவாரப் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக நீளக் கீறல்கள், அலுமினியம் உருகி ரிங்கின் மேல் பூசிக்கொண்டு ரிங்கே அசையவில்லை. அதிகச் சூடு ஏறுவது அந்தப் பக்கம்தான். எண்ணெய் குறைந்தோ கலவை மெலிந்தோ போய் முழு வேகத்தில் எஞ்சின் இறுகியிருக்கிறது. "இவன் முதலில் வந்துகொண்டிருந்தான்" என்றார் பெரியவர். எப்படித் தெரியும் என்றேன். பின்னால் வருகிறவன் இவ்வளவு நேரம் அமுக்கிப் பிடித்திருக்கமாட்டான் என்றார். நம்பிவிட்டேன்.

பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வீட்டில் இன்னும் ஆறவில்லை. கீக்ஹேஃபருக்கு வெறும் புஷ் பேரிங் பிடிக்காது. எங்கே உராய்வு உண்டோ அங்கே உருளை. அந்தக் காலத்து மெர்குரிகளில் பிஸ்டன் பின்னைச் சுற்றி ஊசிக்கனத்தில் உருளைகள் கூண்டு எதுவும் இல்லாமல் சும்மா அடுக்கப்பட்டிருக்கும். பின்னைத் தட்டி எடுத்தால் அத்தனையும் ஒன்றாக விடைபெறும். நான் பின்னைத் தட்டி எடுத்த இடம் சாப்பாட்டு மேசை.

என் மாமியார் அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அரிசியில் கல் பொறுக்கி வளர்ந்த கண்கள். தரையில், கம்பளத்தில், குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார். ஒன்று குறைந்தாலும் இடைவெளி விழுந்து மற்றவை கோணிக்கொள்ளும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. மறுபடி கோக்கும்போது கெட்டியான கிரீஸைத் தடவி அதில் ஒட்டவைக்க வேண்டும். அந்த வேலையைக் காரேஜில் செய்யும்படி எனக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்தது.

காரேஜுக்கு மாமியாரும் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ள, இங்க வெளக்கெண்ண வாட அடிக்குதே?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மூக்கைப் பின்தொடர்ந்து போய், எஞ்சின் தண்டு சுழலும் கூடான கிரேங்க்கேஸ் ஒன்றின் முன் நின்றார். உள்பக்கம் தேன் நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ காய்ந்து படிந்திருந்தது.

"இதுதான். இங்கயும் பிள்ளைங்களுக்குப் பேதிக்குக் குடுப்பாங்களா?"

பெரியவரைக் கூப்பிட்டேன். முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. அறுபது எழுபது வருஷம் பின்னால் போய்விட்டார். சந்தேகமே இல்லை, விளக்கெண்ணெய்தான். கடைசி வரைக்கும் மெத்தனாலில் ஓடிய எஞ்சின் இது என்றார்.

விஷயம் இதுதான். பந்தயக்காரர்களில் ஒரு சாரார் பெட்ரோலை விட்டுவிட்டு மெத்தனால் ஊற்றினார்கள். அது எரியும்போது எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும், அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் சாதாரண மினரல் எண்ணெய் மெத்தனாலில் கரையாது, பிரிந்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எரிபொருளில் கலந்த எண்ணெயே கதி. மெத்தனாலில் நன்றாகக் கலந்து, கொடுஞ்சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாத எண்ணெய் ஆமணக்கு எண்ணெய். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். சனிக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து என் வாயில் ஊற்றிய அதே சரக்கு. அது காய்ந்தால் வார்னிஷாகப் படிந்துவிடும், லேசில் போகாது. மெத்தனால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும் என்பதால் கார்ப்பரேட்டர் ஜெட்டின் துளையையும் பெரிதாக்கியிருப்பார்கள். தேடினோம். இருந்த ஒரு டில்லட்சன் கார்ப்பரேட்டரின் ஜெட்டில் யாரோ கையால் துளைத்த அடையாளம் தெரிந்தது. காலிப்பர், கையேடு, நான் ஆகிய மூவரும் சேர்ந்து சொல்ல முடியாததை மாமியார் வாசற்படியிலிருந்தே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாகம் அடையாளம் காணும் துறை அவரிடம் போய்விட்டது. நான் துறைச் செயலாளர்.

பிளைவீல் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டது. உள்ளே பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவின் காந்தங்கள் இன்னும் உயிரோடு இருப்பதை மாமியாரின் சேலை ஊக்குகள் காணாமல் போனபோது கண்டுகொண்டோம்.

மீதியில் எண்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. வார்ப்பில் புடைத்துத் தெரியும் எண்ணும், பாகப் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வார்ப்பை வாங்கி வெவ்வேறு விதமாகக் கடைந்து வெவ்வேறு பாகமாக்குவார்கள். புரொப்பெல்லரில் விட்டமும் பிட்ச்சும் குத்தியிருக்கும். பிட்ச் என்பது ஒரு சுற்றுக்கு வழுக்காமல் போனால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. நிமிஷத்துக்கு 6000 சுற்று, 12 அங்குல பிட்ச் என்றால் பெருக்கி 1056ஆல் வகுத்தால் மணிக்கு 68 மைல், அதில் வழுக்கலைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் பந்தயக்காரன் வாங்கிய அன்றே புரொப்பெல்லரைத் தட்டி, நெளித்து, ராவிவிடுவான். குத்திய எண் அப்படியே இருக்கும், புரொப்பெல்லர்தான் இருக்காது. ஸ்பார்க் பிளக்கில் இன்னும் மோசம். சாம்பியன் பிளக்கில் எண் ஏற ஏறச் சூட்டு ரகம், என்.ஜி.கே.யில் எண் ஏற ஏறக் குளிர்ந்த ரகம். இந்த இரு கம்பெனியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டதே இல்லை போலிருக்கிறது. ஆகையால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அளந்து பாருங்கள், பிறகு முகர்ந்தும் பாருங்கள்.

பெட்டியில் ஒன்று புல்வெட்டும் இயந்திரத்தின் கார்ப்பரேட்டர் என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். அதையும் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். பந்தயக் குடும்பத்தில் பிறக்காதது அதன் குற்றமா?

இப்போதைய நிலவரம்: குவிக்சில்வர் லோயர் யூனிட் தயார். பிஸ்டன்கள், ராடுகள், பிளைவீல் இருக்கின்றன. விளக்கெண்ணெய் வாசனை அடிக்கும் அந்த கிரேங்க்கேஸில் ஒரு பாதி மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் சேர்த்து முடுக்கி வைத்துத்தான் ஆலையில் தண்டுத் துளையைக் கடைவார்கள். எனவே அதன் சொந்த மறுபாதி தவிர வேறெதுவும் பொருந்தாது. விஸ்கான்சின், இல்லினாய், மிச்சிகன் பக்கம் வசிக்கும் தமிழன்பர்கள் யாரேனும், வீட்டை வாங்கும்போது காரேஜ் மூலையில் அப்படியொரு அலுமினியப் பாதி கிடந்து எறியாமல் வைத்திருந்தால், தயவுசெய்து முதலில் முகர்ந்து பாருங்கள். விளக்கெண்ணெய் வாசனை வந்தால் உடனே எழுதுங்கள். கடிதம் பத்திரிகை அலுவலகத்துக்கே வரட்டும். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம்.